வேகம் வார்த்த பட்டறை

நுழையும்முன்

விளையாட்டு வீரர்களின் வரலாறுகள் ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. அவ்வீரர்கள் கையாளும் கருவிகளைச் செய்தவர்களின் வரலாறோ அரிதாகவே ஏட்டில் ஏறுகிறது. கார்ப் பந்தயத்தில் ஓட்டியவரின் பெயரை உலகம் அறியும். அந்தக் காரைக் கட்டியவரின் பெயர் பெரும்பாலும் பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடும். கோயம்புத்தூரைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் ஓட்டியவர், கட்டியவருமாவார். அவருடைய வாழ்க்கையையும், அவர் ஈடுபட்ட பந்தய எஞ்சின் கலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பஞ்சாலை நகரில்

கரிவரதன் 1954ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த குடும்பம், கோயம்புத்தூரின் பெயர்பெற்ற பஞ்சாலைக் குடும்பங்களுள் ஒன்றாகும். 1910ஆம் ஆண்டு ஜி. குப்புசாமி நாயுடு தோற்றுவித்த லட்சுமி ஆலையின் வழிவந்தது அக்குடும்பம். கரிக்கு, அதாவது யானைக்கு, அருள் செய்த திருமாலைக் குறிக்கும் பெயர் கரிவரதன் என்பது. நண்பர்களும் பந்தய உலகினரும் அதனைச் சுருக்கிக் ‘கரி’ என்றே அழைத்தனர். எஞ்சின் புகையோடு வாழ்ந்தவருக்கு அச்சுருக்கப் பெயர் வேறொரு வகையிலும் பொருந்திவிட்டது.

அவர் வளர்ந்த நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி கோயம்புத்தூருக்கு ஆலைகளைத் தந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து வந்த நீர்மின்சாரம் அந்த ஆலைகளைப் பெருக்கியது. ஆலை இருந்தால் அதில் தேயும் பாகங்களைச் செய்து தருவோர் வேண்டும். எனவே வார்ப்பாலைகள் தோன்றின. கிணறுகள் ஆழமாக ஆழமாக மின்மோட்டார்களும் பம்புகளும் தேவைப்பட்டன. எனவே லேத் பட்டறைகள் தெருத்தெருவாக முளைத்தன. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதையே வாங்கி, முழுவதும் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டிய ஜி. டி. நாயுடு வாழ்ந்த ஊரும் இதுவே. உடைந்த பாகத்துக்குப் பதிலாக ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைப்பதைவிட, அதைப் போலவே ஒன்றை இங்கேயே கடைந்துகொள்வது எளிது என்னும் மனநிலை இந்நகரத்தின் இயல்பு. கரிவரதன் பந்தயக் கார் கட்ட முற்பட்டபோது அவருக்குப் பின்னால் இருந்த மெய்யான முதலீடு குடும்பச் செல்வம் மட்டுமன்று; அச்சு செய்பவரும், வார்ப்பவரும், கடைபவரும், பற்றவைப்பவரும் கூப்பிடு தொலைவில் இருந்த இச்சூழலும் ஆகும்.

சோழவரத்து ஓடுபாதை

இன்றுள்ளவை போன்ற பந்தயத் தடங்கள் அக்காலத்தில் தமிழ்நாட்டில் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த அப்பாதையில் மோட்டார் பந்தயங்கள் நடைபெறலாயின. 1953ஆம் ஆண்டு சென்னையில் மோட்டார் விளையாட்டுச் சங்கம் அமைந்தது. ஆண்டுதோறும் நடந்த சோழவரப் பந்தயத்தைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் திடீரென்று வரும் திருப்பம், வெயிலில் கொதிக்கும் தளம், காற்றில் புழுதி: இவையே சோழவரம்.

அங்கே ஓடிய கார்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, சாலையில் ஓடும் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு போன்ற கார்களின் கனத்தைக் குறைத்து எஞ்சினைச் செம்மைப்படுத்தியவை. இரண்டாம் வகை, பந்தயத்துக்கென்றே வெளிநாட்டில் செய்யப்பட்டு இங்குக் கொண்டுவரப்பட்டவை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய வெளிநாட்டுக் கார்கூட ஒரு காலத்தில் சோழவரத்தில் சீறிப் பாய்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்க வரியும் கடுமையாக இருந்த நாள்கள் அவை. அத்தகைய காரை வாங்க மிகச் சிலரால்தான் இயலும். வாங்கியவர் முன்னே செல்வார். மற்றவர்கள் பின்னே வருவார்கள். பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் துறைமுகத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

கரிவரதனும் சோழவரத்தில் காரோட்டிப் புகழ்பெற்றவரே. செல்வக் குடும்பத்தில் பிறந்தவராதலின் அந்த ஏற்றத்தாழ்வு அவருக்கு இடையூறாக இருந்திராது. வென்ற கோப்பைகளை அடுக்கிவைத்துவிட்டு ஆலை அலுவலில் அமர்ந்திருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவரோ ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி எஞ்சினின் பக்கம் வந்தார். அந்த இடப்பெயர்ச்சியே அவருடைய வாழ்க்கை வரலாற்றின் மையம்.

டர்போ ஆண்ட காலம்

கரிவரதன் கார்களோடு உழன்ற 1980கள், உலகப் பந்தய வரலாற்றில் டர்போ எஞ்சின்களின் காலம். அக்காலத்து எஞ்சின் பட்டறை ஒன்றினுள் நுழையும் எவரும் முதலில் தேடியது, எஞ்சினின் பக்கத்தில் நத்தை ஓட்டைப் போன்ற வடிவில் பொருத்தப்பட்டிருந்த அந்த உலோகக் கூட்டைத்தான். அதன் செயல்முறையை அறிந்தால்தான் கரிவரதன் தேர்ந்தெடுத்த வழி எத்துணை மாறுபட்டது என்பது விளங்கும்.

எஞ்சினின் வலிமை அதனுள் எரியும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. எரிபொருளை அதிகமாக ஊற்றிவிடுவது எளிது. அதனை எரிப்பதற்கு வேண்டிய காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவருவதுதான் கடினம். பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. எரிந்த பின் வெளியேறும் புகையோடு எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இவ்விரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுழற்றட்டும். அச்சுழலியின் அச்சிலேயே மறுமுனையில் பொருத்தப்பட்ட மற்றொரு சுழலி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கட்டும் என்று சிந்தித்தார். 1905ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களின் டீசல் எஞ்சின்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் பயன்பட்ட அக்கருவி, பந்தயக் கார்களையும் அடைந்தது.

ஃபார்முலா ஒன் விதிகள் இயல்பாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்கு மூன்று லிட்டர் கொள்ளளவும், காற்றைத் திணிக்கும் எஞ்சினுக்கு அதில் பாதியும் அனுமதித்திருந்தன. பாதி அளவு எஞ்சினால் பயனில்லை என்று பலரும் ஒதுக்கியிருக்க, 1977ஆம் ஆண்டு பிரான்சின் ரெனோ நிறுவனம் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினோடு களமிறங்கியது. அந்த மஞ்சள் நிறக் கார் அடிக்கடி புகை கக்கி நின்றது. ஆங்கிலேயர்கள் அதற்குத் தேநீர்க் கெண்டி என்று பெயர் சூட்டிச் சிரித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1979ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பந்தயத்தில் ரெனோ வென்றது, சிரிப்பு நின்றது. 1980களின் நடுவில் அந்த ஒன்றரை லிட்டர் எஞ்சின்கள் தகுதிச் சுற்றுகளில் 1000 குதிரைத்திறனையும் கடந்தன. 1988ஆம் ஆண்டு ஹோண்டா டர்போ எஞ்சின் பொருத்திய மெக்லாரன் கார்கள் 16 பந்தயங்களில் 15இல் வென்றன. அடுத்த ஆண்டே டர்போ எஞ்சின்களுக்குத் தடை வந்தது. அத்தடை 2014ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

தெரிந்து தெளிவோம்

டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. புகையின் வெப்பத்தில் அது சிவந்து ஒளிரும். ஓட்டுநர் விசையை மிதித்த பின் அச்சுழலி வேகம் பெறச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை எஞ்சின் சோம்பிக் கிடந்து, பின்னர் திடீரென்று பாயும். இத்தாமதத்தைக் குறைக்க 1985ஆம் ஆண்டு ஜப்பானின் நிசான் நிறுவனம், உலோகத்துக்குப் பதிலாகச் சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கான் வகைப் பொருளால் சுழலி செய்து காரில் பொருத்தியது. எடை குறைவாதலின் அது விரைந்து சுழன்றது. கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் சூளைகளில் உருவாகும் பீங்கானுக்கும் இதற்கும் மூலப்பொருள் வேறு. எனினும் பொடியை அச்சிலிட்டு, உயர்வெப்பத்தில் சுட்டு இறுகச் செய்யும் அடிப்படை ஒன்றே.

பட்டறைக்குள்

பந்தய எஞ்சின் கட்டும் பட்டறை, சாலையோரத்துப் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து வேறுபட்டது. பழுது பார்ப்பவர் எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார். பந்தய எஞ்சின் கட்டுபவரோ, தொழிற்சாலை எந்த இடத்தில் போதும் என்று நிறுத்தியதோ அந்த இடத்திலிருந்து தம் வேலையைத் தொடங்குகிறார். ஆயிரக்கணக்கில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலை, ஒவ்வொரு பாகத்திலும் சிறு வேறுபாட்டை ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஒரு பிஸ்டனுக்கும் அடுத்த பிஸ்டனுக்கும் எடையில் சில கிராம் வேறுபாடு இருக்கும். சாலையில் அது தெரியாது. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுழலும்போது அச்சில கிராம்களே அதிர்வாகி, தாங்கிகளைத் தின்னும்.

எனவே முதல் வேலை தராசில் தொடங்குகிறது. பிஸ்டன்களையும் அவற்றைத் தாங்கும் இணைப்புத் தண்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானவற்றில் தேவையற்ற உலோகத்தைச் சுரண்டி, எல்லாவற்றையும் ஓரெடைக்குக் கொண்டுவருவார்கள். அடுத்து, காற்று நுழையும் வழிகள். வார்ப்பில் உண்டான சொரசொரப்பையும் மூலைகளையும் தேய்த்து, காற்று தடையின்றி வளைந்து செல்லும்படி செய்வார்கள். இந்த வேலைக்கு அளவுகோலைவிட விரல் நுனியே சிறந்த கருவி என்பது தொழிலறிந்தோர் கருத்து. பின்னர் சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சிறிது சீவி எடுப்பார்கள். எரியறையின் இடம் சுருங்கும். கலவை இன்னும் இறுக அழுத்தப்படும். வெடிப்பின் விசை கூடும். எவ்வளவு சீவுவது என்பதில்தான் அறிவு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கூடிவிட்டாலும் கலவை பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்துப் பிஸ்டனின் தலையில் துளையிட்டுவிடும். அத்தகைய துளைவிழுந்த பிஸ்டன்கள் ஒவ்வொரு பந்தயப் பட்டறையிலும் சாம்பல் கிண்ணமாகவோ காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாகவோ மேசைமேல் இருக்கும்.

வால்வுகளைத் திறந்து மூடும் நெம்புருள் தண்டின் வடிவத்தை மாற்றினால், வால்வு இன்னும் சற்று நேரம் திறந்திருக்கும். உயர்ந்த வேகத்தில் அதனால் வலிமை கிட்டும்; தாழ்ந்த வேகத்தில் எஞ்சின் இருமிக்கொண்டே இருக்கும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கவேண்டும். கார்புரேட்டரின் நுண்துளைகளையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். அன்று இவற்றைக் கணித்துச் சொல்லக் கணினிகள் பட்டறைகளுக்கு வந்திருக்கவில்லை. ஓட்டிப் பார்த்து, பொறிச்செருகியாகிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதன் நுனியைச் சூழ்ந்துள்ள வெண்பீங்கான் காப்பு இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் எரிபொருள் போதவில்லை, எஞ்சின் விரைவில் உருகும். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது.

இத்துணை உழைப்புக்குப் பின்னும் இயல்பாகக் காற்றை உறிஞ்சும் ஒரு சிறிய எஞ்சினிலிருந்து கிடைக்கும் கூடுதல் வலிமை, டர்போ ஒன்றைப் பொருத்துவதால் கிடைப்பதற்கு ஈடாகாது. எனினும் டர்போவைப் பொருத்தினால் செலவு அத்தோடு முடிவதில்லை. அழுத்திய காற்றுச் சூடேறும். அதைக் குளிர்விக்கத் தனிக் கருவி வேண்டும். எஞ்சினின் உள்ளுறுப்புகள் கூடுதல் விசையைத் தாங்கவேண்டும், கியர்ப்பெட்டி தாங்கவேண்டும், டயர்கள் தாங்கவேண்டும். மேலும் ஒருவர் பொருத்தினால் அடுத்தவர் அதைவிடப் பெரியதைப் பொருத்துவார். சோழவரத்தில் இறக்குமதிக் கார்களால் விளைந்த அதே ஏற்றத்தாழ்வு வேறு வடிவில் திரும்பிவரும்.

எண்ணூறு சிசியில் ஒரு கனவு

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் இந்தியச் சாலைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்களை மகிழ்வித்த அந்தச் சிறிய கார், கரிவரதனின் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 சிசி கொள்ளளவும் கொண்டது. ஏறத்தாழ நாற்பது குதிரைத்திறன்தான் அதன் வலிமை. ஃபார்முலா ஒன் காரோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது எடை குறைந்தது; நம்பத்தக்கது; எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டின் எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கக்கூடியது.

ஃபார்முலா என்னும் சொல்லுக்குப் பந்தய உலகில் விதி என்று பொருள். ஒரு விதிக்குள் அடங்கிய கார்கள் தமக்குள் மோதுவதே ஃபார்முலா பந்தயம். பொதுமக்கள் வாங்கும் காரின் எஞ்சினை எடுத்து, அதைக்கொண்டு மலிவான ஓரிருக்கைப் பந்தயக் கார் செய்வது மேலைநாடுகளில் முன்பே நடந்த ஒன்று. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா வீ என்னும் வகை பரவியது. 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபோர்டு எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பலரும் அவ்வகைக் கார்களில் பயின்றே மேலேறினர். அந்த ஏணியின் முதற்படி இந்தியாவில் இல்லை. படியே இல்லாத இடத்தில் யார் எப்படி ஏறுவது என்பதே கரிவரதனின் கவலை.

1980களில் அவர் வடிவமைத்துக் கட்டிய கார் ஃபார்முலா மாருதி எனப்பட்டது. எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து உருவாக்கிய சட்டகம்; அதன்மேல் இலேசான கண்ணாடியிழை உடல்; ஒருவர் மட்டும் கால்நீட்டிப் படுத்தாற்போல் அமரும் இருக்கை; அவருக்குப் பின்னால் மாருதி எஞ்சின்; நான்கு பக்கமும் மூடப்படாத சக்கரங்கள். குடும்பக் காரில் எஞ்சின் முன்புறம் இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றியது. இங்கே அது பின்னால் சென்று பின்சக்கரங்களைச் சுழற்றியது. கேட்க எளிதாகத் தோன்றும் இவ்விடமாற்றத்துக்குள் எஞ்சினைத் தாங்கும் இடங்கள், கியர் மாற்றும் தண்டின் வழி, குளிர்நீர்க் குழாய்களின் பாதை, எடைப் பங்கீடு என்று எண்ணற்ற சிக்கல்கள் அடங்கியிருந்தன. அவை யாவும் கோயம்புத்தூரிலேயே தீர்க்கப்பட்டன.

குழாய்ச் சட்டகம் எடையைத் தாங்குவதற்கு மட்டும் அன்று. திருப்பத்தில் கார் பாயும்போது சட்டகம் முறுக்கிக்கொண்டால், சக்கரங்கள் தரையை மிதிக்கும் கோணம் மாறிவிடும். ஓட்டுநர் என்ன செய்தாலும் கார் தன் போக்கில் போகும். சட்டகம் விறைப்பாக இருந்தால் ஓட்டுநரின் கை சொல்வதைச் சக்கரம் கேட்கும். வலிமை குறைந்த எஞ்சினை வைத்துக்கொண்டு விரைவாக ஓட வேண்டுமென்றால், திருப்பத்தில் வேகத்தை இழக்காதிருப்பதே வழி. டர்போ வலிமை உள்ள காரில், திருப்பத்தில் செய்த பிழையை அடுத்த நேர்ப்பாதையில் மறைத்துவிடலாம். ஃபார்முலா மாருதியில் அதற்கு இடமில்லை. ஒரு திருப்பத்தில் இழந்த வேகம் அடுத்த திருப்பம்வரை திரும்பாது. தேவையான அளவுக்கு மட்டும் பிரேக்கை மிதித்து, மிகச்சரியான புள்ளியில் திருப்பி, எஞ்சினின் ஓசை தாழாமல் வெளிவருபவனே முன்னே செல்வான். யாவரிடமும் ஒரே வகைக் கார். ஒரே வகை எஞ்சின். தோற்றவன் காரைக் குறைசொல்ல இயலாது.

மோட்டார் பந்தயம் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கூறப்படுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஃபார்முலா மாருதி வந்த பின்னும் பந்தயம் ஏழைகளின் விளையாட்டாகிவிடவில்லை. ஆயினும் வெளிநாட்டுக் கார் வாங்க வேண்டிய செலவு, உள்நாட்டுப் பட்டறையில் கட்டிய காரின் செலவாகக் குறைந்தது. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை உள்ளே நுழைந்தது. அவர்களுள் திறமை உடையவர்களைக் கண்டறிந்து கார் கொடுத்து ஓட்டச் செய்ததும் கரிவரதனின் பணியாயிற்று.

இதே காலத்தில் களமும் மாறியது. சென்னைக்கு மேற்கே, திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத் தடம் அமைந்தது. 1990ஆம் ஆண்டு முதல் பந்தயங்கள் அங்கே நடைபெறலாயின. விமான ஓடுபாதையின் நீண்ட நேர்ப்பாதை எஞ்சினின் வலிமைக்குச் சாதகமானது. இங்கே வளைவுகள் மிகுதி. எஞ்சினில் எளியனவாயினும் சட்டகத்தில் செம்மையான கரிவரதனின் கார்களுக்கு ஏற்ற களம் அது.

வானில் முடிந்த ஓட்டம்

கரிவரதனுக்குப் பறப்பதிலும் பற்று இருந்தது. 1995ஆம் ஆண்டு வானூர்தி விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு நாற்பதைச் சற்றே கடந்த வயது. அவருடைய கார்களில் பயின்றவர்கள் உலக அரங்கில் செய்ததைக் காண அவர் இருக்கவில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அவர்களுள் ஒருவர். பந்தயக் காரோட்டியான தந்தையைப் பார்த்து வளர்ந்த அவர், பதின்ம வயதிலேயே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். தம் முதல் பந்தயத்திலேயே வெற்றி மேடையில் இடம்பெற்றார். பின்னர் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று பயின்றார். 1996ஆம் ஆண்டு ஃபார்முலா ஆசியா வாகையர் பட்டம் பெற்றார். 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் டயர்ச் சிக்கலால் பல அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின. அதில் நான்காவதாக வந்து புள்ளி பெற்றார். ஆறில் நான்காம் இடம்தானே என்று அதனைச் சிறிதாக்கிப் பேசுவோர், அந்த ஆறு பேரில் ஒருவராக அங்கு நிற்பதற்கு முதற்படி எங்கே இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஃபார்முலா ஒன் களத்தில் நுழைந்த இரண்டாம் இந்தியரானார். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் என்பது தற்செயல் அன்று.

செட்டிப்பாளையத்தில்

கோயம்புத்தூரின் தெற்கே செட்டிப்பாளையத்தில், முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்றை அமைத்தார். 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். தேசியப் பந்தயங்கள் அங்கு நடைபெறுகின்றன. வேகத்தில் விருப்பமுள்ள இளைஞர்கள் நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடாமல், தலைக்கவசமும் தீத்தாங்கும் உடையும் அணிந்து, மருத்துவ ஊர்தி காத்திருக்க, விதிகளுக்குட்பட்டு ஓட்டுவதற்கு அத்தகைய தடங்களே உரிய இடம்.

அத்தடத்துக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் வருகின்றனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், தங்கள் கல்லூரிப் பட்டறையில் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஓரிருக்கைக் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, ஃபார்முலா பாரத் என்னும் போட்டிக்காக அவர்கள் வந்து சேர்கிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் பொருத்திய கார்களும் மின்கலத்தால் ஓடும் கார்களும் அவற்றில் உண்டு. நடுவர்கள் ஓட்டத்தின் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. சட்டகத்தின் குழாய் ஏன் இந்தக் கோணத்தில் பற்றவைக்கப்பட்டது, இந்தப் பாகத்துக்கு என்ன செலவாயிற்று என்று கேட்கிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு மாணவர்கள் காரின் அருகில் நின்று விடை சொல்கிறார்கள்.